அண்ணாச்சியின் ஆறு பென்டிரைவ்கள்

பம்பாய் ஆண்டாப் ஹில்லில் ஒரு அண்ணாச்சியைத் தெரிந்தால் போதும், மற்ற அண்ணாச்சிகளையும் தெரிந்த மாதிரிதான். வேர்ஹவுசிங் வளாகத்தில் ஒரு காலா, அதாவது கிடங்கு அறை. காலா நிறையச் சரக்கு. சரக்குக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் டேலி ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அதன் மேலே திருச்செந்தூர் முருகன். முருகன் காலடியில் குங்குமம் அப்பிய பென்டிரைவ் ஒன்று. பேக்கப் எங்கே என்று கேட்டால் அண்ணாச்சி அந்தத் திசையில் கும்பிடுவார்.

"ஒண்ணு மட்டும்னு நினைச்சீரா? ஆறு இருக்கு வே."

இருக்கிறது. ஒன்று முருகனிடம். ஒன்று இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு நடுவே. ஒன்று ஸ்கூட்டர் சாவியில். ஒன்று பரண்மேல். ஒன்று கணக்குப்பிள்ளையின் டிபன் பையில். ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, பொழுது சாய்ந்தால் கம்பெனியின் சொத்துக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் சாம்பார் வாடையோடு ஹார்பர் லைன் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வெளியே போகிறது. கணக்குப்பிள்ளை லீவு போட்டால் பேக்கப்பும் லீவு.

அண்ணாச்சி பட்டறியாதவர் அல்ல. 2005 ஜூலை 26. சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். காலாவுக்குள் தண்ணீர் ஏற ஏற அவர் முதலில் முருகனை எடுத்தார், அப்புறம் செக் புத்தகம், அப்புறம் மூட்டைகள். தரையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி ஞாபகத்துக்கு வந்தபோது அது முங்கியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை மூன்று நாள் மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயப் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு மனப்பாடமாகவே கணக்கை எழுதினார். தனக்கு வரவேண்டிய பாக்கி பைசா சுத்தமாக நினைவுக்கு வந்தது. தான் கொடுக்க வேண்டியதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அதிலிருந்து கிளவுட் என்றாலே அவருக்கு ஆகாது. "மேகத்த நம்பியா கணக்க வைக்கச் சொல்லுதீரு? மழை எங்கயிருந்து வே வந்துச்சு?"

'அண்ட் சன்ஸ்' பலகை 'பிரைவேட் லிமிடெட்' ஆனதும் ஆடிட்டர் பிடித்துக்கொண்டார். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காப்பாற்ற வேண்டும். கம்பெனிக் கணக்கு விதிகளை 2022 ஆகஸ்டில் திருத்திவிட்டார்கள்; கம்ப்யூட்டர் கணக்கின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் ஏற வேண்டும். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு ஒன்றையும் ஆடிட்டர் சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். மூணு, ரெண்டு, ஒண்ணு.

"ராக்கெட்டா விடப் போறீரு?" என்றார் அண்ணாச்சி.

அவரை அசைத்தது விதி அல்ல, 2017 ஜூன் ஞாபகம். அப்போது நவசேவா துறைமுகத்தில் அவருடைய கன்டெய்னர் நின்றுபோனது. நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கப் படுக்க வைத்திருந்தது. நவசேவாவில் அவர்கள் குழுமம் நடத்திய முனையமும் படுத்தது. மெர்ஸ்க்கிடம் பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த பிரதிகள், அதனால் சேர்ந்தே செத்தன. ஒன்றே ஒன்று பிழைத்தது, ஆப்பிரிக்காவில், கானா நாட்டில். அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போயிருந்ததாம். அதை வைத்துத்தான் மறுபடி எழுந்தார்கள்.

இதைக் கேட்டு ஆடிட்டர் ஒரு பாடம் படித்தார், அண்ணாச்சி வேறொன்று படித்தார். "கரண்ட் போற ஊர்தான வேணும்? நம்ம ஊரு இருக்கும்போது கானா எதுக்கு?"

ஒரு ஹார்ட் டிஸ்க் பனியனில் சுற்றப்பட்டு, மாமியாரோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தது. பட்டாவும் நகையும் இருக்கிற பீரோவில் இடம் கிடைத்தது. நான் சிரித்தேன், சிரித்த பிறகுதான் உறைத்தது. பம்பாய்த் தமிழன் தலைமுறைகளாகச் செய்வது இதைத்தானே? பிழைப்பு இங்கே, பத்திரம் அங்கே. வெள்ளமோ கலவரமோ, ஓடிப் போய் நிற்க ஊரில் ஒரு வீடு. அண்ணாச்சிக்கு வெளியிடப் பிரதி புதிதே அல்ல, கணக்கை மட்டும்தான் இத்தனை நாள் ரயிலேற்றாமல் விட்டிருந்தார். ஒரே குறை, அந்த டிஸ்க்கில் புதுக் கணக்கு ஏறுவது வருஷத்துக்கு ஒருமுறை, அம்மன் கோயில் கொடைக்கு இவர் போகும்போது.

"விதி சர்வர்னு சொல்லுது அண்ணாச்சி. இந்தியாவுக்குள்ள, தினமும்."

"ஊரு இந்தியாவுலதான இருக்கு?"

"சர்வர்?"

"மாமியார் இருக்காகல்லா."

கடைசியில் ஆடிட்டர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று வைத்துக்கொள்வோம், பேக்கப்பிலிருந்து கணக்கை எழுப்பிக் காட்டுங்கள் என்றார். முருகன் காலடிப் பென்டிரைவில் மகள் கல்யாண வீடியோ இருந்தது. இழுப்பறையில் இருந்ததில் நாலு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. பரண்மேல் இருந்ததில் எறும்பு குடிவந்திருந்தது. சாவியில் தொங்கியதில் நேற்றுவரையிலான கணக்கு முழுசாக இருந்தது. அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். திரை பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு போட்ட பையன் இப்போது துபாயில் இருக்கிறான். அண்ணாச்சி அவனுக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு, முருகன் படத்தோடு, குட் மார்னிங் அனுப்புகிறார்.