நார்த்தங்காய் விநியோகம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

நார்த்தை மரம் வைத்திருப்பவர் நார்த்தங்காய் தின்பதற்காக அதை வைத்திருக்கவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. அஃதெங்ஙனம் எனின், ஒரு சுளையை வாயில் போட்டவர் மறுசுளைக்குக் கை நீட்டியதாகச் சான்று இல்லை. மரமோ காய்ப்பில் கஞ்சத்தனம் அறியாதது. ஆகவே உடைமையாளர் பையும் கையுமாகத் தெருவில் இறங்குகிறார்: "அக்கா, வீட்டுல காய்ச்சது, நாலு எடுத்துக்குங்க."

இது கசப்பு ஆரஞ்சா, சிட்ரஸ் மெடிக்காவா என்று தாவரவியலார் வழக்காடுவர். கசப்பு ஆரஞ்சு, பம்பளிமாஸுக்கும் மாண்டரினுக்கும் பிறந்த கலப்பு என்பது மரபணு ஆய்வின் முடிபு. ஊறுகாய் ஜாடி குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை; மேலே செல்வோம்.

பெற்றுக்கொண்டவர் பாடு இனித்தான் தொடங்குகிறது. காயை அறுந்துவிடாமல் சுருளாக நறுக்க வேண்டும். இழுத்தால் ஸ்பிரிங் போல விரியும். இடுக்கெல்லாம் கல்லுப்பு அடைத்து ஜாடியில் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். பிறகு தினமும் காலையில் சுருள்கள் மட்டும் தட்டேறி வெயிலுக்குப் போகும். மாலையில் அதே உப்புநீருக்குத் திரும்பும். நீர் முழுதும் காய்க்குள் ஏறும்வரை இந்தப் போக்குவரத்து ஓயாது. நாளாக ஆகக் கறுக்கும், கறுத்ததற்கே மதிப்பு. காய்ச்சலில் நாக்கு செத்தவருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு, பஸ்ஸில் குமட்டுபவருக்குக் கன்னத்தில் ஒரு துண்டு. தயிர்சாதத்துக்குக் காரணமே வேண்டாம்.

இலையும் தப்புவதில்லை. நடுநரம்பைக் கிள்ளியெறிந்து, எலுமிச்சை இலை, ஓமம், வரமிளகாய், புளி, பெருங்காயம், உப்போடு இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. ஆனால் இலை கேட்டு வருபவர் முள்ளைப் பார்த்ததும், "நீங்களே பறிச்சுக் கொடுத்துடுங்களேன்" என்பார். முழங்கைக் கீறல்களே உடைமைக்கு ஆதாரம் என்க.

அற்றேல், விற்றுவிட்டால் என்ன எனின், தெருவில் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே நம் காய் கிடக்கையில் யார் காசு கொடுப்பார்? ஸ்பெயினின் செவில் நகரத்துக்கும் இதே இக்கட்டு உண்டு. அங்கே தெருவெல்லாம் கசப்பு ஆரஞ்சு, தின்பாரில்லை. ஒரு பகுதி மார்மலேடு செய்யப் பிரிட்டனுக்குப் போகிறது. 2021இல் உதிர்ந்த பழத்தின் சாற்றைப் புளிக்கவைத்து, வரும் மீத்தேனிலிருந்து மின்சாரம் எடுக்கவும் முனைந்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இல்லாத ஊர்போலும்.

எஞ்சியது பாத்திரச் சிக்கல். காய் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாகாது என்பது தெருவின் சட்டம். ஆகவே நம் காயே உப்பு நார்த்தங்காயாக நம் வீட்டுக்குத் திரும்புகிறது. காய் நம்முடையது, உப்பும் வெயிலும் அவர்களுடையவை. ருசித்தால் பெயர் யாருக்கு என்பதில் எங்கள் தெரு இன்றும் இரண்டு கட்சி.