கண்ணைப் பறிக்கும் விளக்கே, வாழி

வண்டி முகப்பில் ஏறிய வெள்ளை எல்.இ.டி. விளக்கே, உன்னைப் புகழாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆவேன். எங்கள் பூதலூரில் இருட்டிய பிறகு, செங்கிப்பட்டிச் சாலையானாலும் திருக்காட்டுப்பள்ளிச் சாலையானாலும் புது ஆற்றங்கரையானாலும், உன்னைச் சந்திக்காமல் ஒருவன் வீடு போய்ச் சேர முடிவதில்லை. இத்தனை முறை எதிரே வந்தவனுக்கு ஒரு வாழ்த்தாவது சொல்ல வேண்டாமா?

புகழ்வதற்கும் நம்மிடம் ஒரு பழைய முறை உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, தொண்டைமானுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் பாராட்டினாள். மயிற்பீலியும் மாலையும் நெய்ப்பூச்சுமாக அங்கே வேல்கள் பளபளத்தன. எங்கள் மன்னன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னாள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. புகழ்வதுபோல் பழிக்கும் இந்த வகைப் பேச்சைத் தண்டியலங்காரம் இலேச அணியில் வைத்தது. ஔவை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் அதன் வலிமை. அந்த வழியில்தான் உன்னைப் புகழப் போகிறேன். இனி வரும் ஒவ்வொரு சொல்லும் மெய்.

முதலில் உன் அழகு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால், அட்டைப் பெட்டிக்குள், குளிர்விக்கும் சிறு விசிறியோடு நீ உட்கார்ந்திருக்கும்போது நகைப்பெட்டியில் வைத்த வைரமூக்குத்தி போலிருக்கிறாய். பக்கத்தில் கிடக்கும் பழைய ஹாலஜன் பல்பு வெறும் கண்ணாடிக் குப்பி. அதன் வெளிச்சம் மஞ்சள், உன்னுடையது பால்வெள்ளை. இரண்டையும் ஒரே சுவரில் அடித்துக் காட்டினால் உன்னை வாங்காமல் திரும்புகிறவர் யார்? சுவரில் அடித்துப் பார்த்து வாங்கும் பொருள்களில் உனக்கு இணை இல்லை.

அடுத்தது உன் வீச்சு. நீ வரும் வழியில் தென்னை மட்டைகளின் அடிப்பக்கம் கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது. மின்கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கான்கூடத் தெரிகிறது. வரப்புக்கு அப்பால் உறங்கும் கொக்குகள் விழித்துக்கொள்கின்றன. சாலையின் குழி மட்டும் தெரிவதில்லை. குழி கீழே இருக்கிறது. உன் பார்வை உயர்ந்தது.

உன் கொடையைச் சொல்லாவிட்டால் பாவம். கேட்டவர், கேட்காதவர் என்று பாராமல் எல்லாருக்கும் கொடுக்கிறாய். எதிரே வரும் பேருந்து ஓட்டுநருக்கு, சைக்கிளில் வரும் பிள்ளைக்கு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு, எல்லாருக்கும். வயதானவருக்கு இன்னும் கூடுதலாக. முதுமையில் கண்ணின் வில்லை மங்குவதால் உள்ளே நுழையும் ஒளி நேராகப் போகாமல் சிதறிவிடும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அது இன்னும் மோசம். இளைஞனுக்கு ஒரு நொடிக் கூச்சமாக நீ கொடுப்பதை அறுபதைத் தாண்டியவருக்குப் பல நொடி இருட்டாகக் கொடுக்கிறாய். இவ்வளவு கொடுத்தும் உன் எசமானுக்கென்று நீ அதிகம் வைத்துக்கொள்வதில்லை. வண்டியின் மூக்குக்கு முன்னால் இருக்கும் பத்திருபது அடியை வெள்ளைவெளேரென்று ஆக்கிவிடுகிறாய். அதைப் பார்த்து அவர் கண்பாவை சுருங்குகிறது. சுருங்கிய பாவைக்குத் தொலைவில் இருப்பது மங்கல். ஆனாலும் அவர் மனநிறைவோடு வேகத்தைக் கூட்டுகிறார். அந்த மனநிறைவும் உன் கொடைதான்.

உனக்குக் கிடைக்கும் மரியாதையும் பெரிது. நீ வரும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கையைத் தூக்கி நெற்றியில் வைக்கிறார்கள், தலையைக் குனிகிறார்கள், வண்டியை ஓரங்கட்டி நின்றும் விடுகிறார்கள். எந்த அமைச்சருக்கும் இப்போது இப்படி வழிவிடுவதில்லை.

உன் ஆற்றல் முழுதும் விளங்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊருக்கு வர வேண்டும். சம்பா அறுவடை நேரம். வயலிலிருந்து பனி எழுந்து சாலையை மூடும். அந்தப் பனியில் உன் வெள்ளை ஒளி பட்டுத் திரும்பி ஓட்டுபவரின் கண்ணுக்கே வரும். வண்டிக்கு முன்னால் சுண்ணாம்படித்த சுவர் ஒன்று எழும்பும். நொடிப்பொழுதில் சுவர் கட்டும் கொத்தனாரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தச் சாலையில் வேறு என்னவெல்லாம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். களம் போதாது. ஆகவே தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். இரவில் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒருவர் படுத்திருப்பார். பின்விளக்கு இல்லாத டிரெய்லரோடு டிராக்டர் நிற்கும். அறுவடை இயந்திரத்தை இறக்கிவிட்ட லாரி நிற்கும். நெல் வழியில் இருக்கலாமா என்று கேட்பது நியாயந்தான். ஆனால் இருக்கிறது. அதன் பக்கத்தில் மனிதர் உறங்குகிறார்.

போன தை மாதம் ஓர் இரவு திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பூதலூருக்கு இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தேன். மணி ஒன்பதரை. எதிரே நீ வந்தாய். நான் என் விளக்கை இரண்டு முறை டிம் அடித்துக் காட்டினேன். நீ இறங்கவில்லை, பிறகு தெரிந்துகொண்டேன், உனக்கு இறங்கத் தெரியாது என்று. உன்னைக் கடந்ததும் கண்ணுக்குள் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் நின்றது. சாலை இல்லை, ஓரம் இல்லை, வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதும் இல்லை. பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் எதிலோ இடித்தது. ஒரு குரல் கேட்டது: "தம்பி, நில்லுங்க, நில்லுங்க. நெல்லு கெடக்கு, ஆளும் படுத்திருக்கு."

இடித்தது தார்ப்பாய் ஓரத்தில் வைத்த கல். அதற்கு இரண்டு முழம் தள்ளி ஒரு போர்வை. போர்வைக்குள் ஒரு பையன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். இரண்டு நொடி கண் தெரியாவிட்டால் 33 மீட்டர். டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் மூன்றை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. என் வண்டி அன்று மெதுவாக வந்தது. அதற்கு மேல் அந்த இரவைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில், வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் நாற்பது ஆண்டாக இந்த வேலையில் இருப்பவர். ஒரு ஹாலஜன் பல்பைத் துணியால் பிடித்து எடுத்துக் காட்டினார். விரல் எண்ணெய் பட்டால் சூட்டில் கண்ணாடி கெடும் என்பதால் வெறுங்கையால் தொடுவதில்லை.

"தம்பி, உள்ள ரெண்டு இழை இருக்கு பாருங்க. ஒண்ணு பிரைட்டு, ஒண்ணு டிம்மு. டிம்முக்குக் கீழ சின்னதா ஒரு தகடு தெரியுதா?"

பார்த்தேன். சோளப்பொரி அளவுகூட இல்லாத ஒரு கிண்ணம். டிம் இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைக்கிறது. மேல்பக்கம் போகும் ஒளி மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டுச் சாலையை நோக்கி இறங்குகிறது. எதிரே வருகிறவன் கண் மட்டத்தில் ஒளி வெட்டினாற்போல் நிற்பதற்குக் காரணம் அந்தச் சிறு தகடு.

"இந்த விளக்குக் கூட்டை அந்த இழை எங்க இருக்குமோ அத வெச்சுத்தான் செஞ்சிருக்கான். எடத்த மாத்தி வேறொண்ண சொருகினா வெளிச்சம் செதறத்தானே செய்யும்?" என்றார். சொருகப்படுவது நீதான், வெள்ளை விளக்கே. இழை இருந்த இடத்தில் உன் சில்லுகள் வேறு அளவில், வேறு முகமாக உட்காருகின்றன. ஒளி கூடுகிறது, ஒழுங்கு போகிறது.

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று வடித்த கூட்டில் பிறந்த உன் உடன்பிறப்புகளை நான் சொல்லவில்லை. 2007-இல் லெக்சஸ் காரில் அவை முகப்பு விளக்காக வந்தன. 2013-இல் ஆடி நிறுவனம், எதிரே வரும் வண்டியைக் கண்டுகொண்டு அந்தப் பக்கத்து ஒளியை மட்டும் தானே அணைக்கும் விளக்கைக் கொண்டுவந்தது. ஒளியை அடக்கத் தெரிந்த விளக்குகள் அவை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் 31 நடுத்தரக் கார்களின் முகப்பு விளக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 'நன்று' என்ற மதிப்பைப் பெற்றது ஒரே ஒரு கார். எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை மட்டும் அவர்கள் அளக்கவில்லை. எதிரே வருகிறவரின் கண் எவ்வளவு கூசுகிறது என்பதையும் அளந்து மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். உன் பெட்டியின் மேல் அச்சிட்ட ஒளியளவில் இந்தக் கழித்தல் இல்லை.

நம் சட்டமும் உன்னை நினைத்துப் பார்த்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது, முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பது கணக்கு. அது ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆளின் கண்ணுயரம். அந்தக் காலத்து லாரிகளில் விளக்கின் மேல்பாதியில் கறுப்பு மை பூசியிருந்ததை நினைத்துக்கொள். நடுவில் ஒட்டிய கறுப்புப் பொட்டை நினைத்துக்கொள். திருஷ்டிப் பொட்டு என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். பிறர் கண்ணுக்காக வைத்த பொட்டு அது.

இனி உன்னை விட்டு, உன் எசமானிடம் பேசுகிறேன். ஐயா, இரவில் நன்றாகத் தெரியவில்லை என்ற உங்கள் குறை உண்மை. அதற்குப் புது பல்பு கடைசி மருந்து. முதல் மருந்துகள் வேறு.

விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருக்கும். தண்ணீர் விட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டால் புகுந்து வரும் ஒளி கூடும். அடுத்து ஒயரிங். பழைய வண்டிகளில் மின்சாரம் மெல்லிய கம்பி வழியாக, சுவிட்சுக்குள் புகுந்து விளக்குக்குப் போகிறது. வழியில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் ஹாலஜனின் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஃபியூஸோடு ஒரு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் அதே பல்பு விழித்துக்கொள்ளும்.

மூன்றாவது, குறி. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். இடது ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக நம் நாட்டு விளக்கில் அப்படி வைத்திருக்கிறார்கள். விளக்கின் பின்னால் இருக்கும் திருகில் இது சரியாகும். பின்னால் நாலு மூட்டை அரிசி ஏற்றினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும். அப்போது ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் இருந்தால் எண்ணைக் கூட்டி ஒளியை இறக்குங்கள். இதற்கெல்லாம் ஒரு மாலைப்பொழுது போதும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பழைய பல்பைப் பாருங்கள். மங்கல், மஞ்சள், விலை மலிவு. சாலையைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. சொன்ன இடத்தில் நின்றுகொள்ளும். ஔவை சொன்ன முறிந்த வேல் போல, வேலை செய்து செய்து கறுத்துப்போயிருக்கும்.

அன்று இரவு நெல்லுக்குக் காவல் இருந்த பெரியவர் எழுந்து என்னிடம் வந்தபோது கையில் டார்ச் லைட் வைத்திருந்தார். அதை என் முகத்தில் அடிக்கவில்லை. என் காலடியில் அடித்தார். கல்லைக் காட்டினார், தார்ப்பாயின் ஓரத்தைக் காட்டினார், சாலையின் நடுவைக் காட்டினார். ஆள் முகத்தில் விளக்கடிப்பது மரியாதை இல்லை என்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கே சொல்லித் தருவார்கள். நான் வண்டியைத் திருப்பி நிறுத்தும்வரை அந்தச் சின்ன மஞ்சள் வட்டம் என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நகர்ந்து வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.