ராஜாக்களின் பொழுதுபோக்கு

பெங்களூரில் எங்கள் காக்ஸ் டவுனில் ஒரு காலத்தில் கடைசல் பட்டறைக்காரருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இன்று அதே பேட்டையின் சாஃப்ட்வேர் மாப்பிள்ளைகள் சனிக்கிழமையானால் காசு கட்டிக் கடைசல் பழகப் போகிறார்கள். கூடவே ஏப்ரனும் டீயும் உண்டாம்.

நான் பார்த்த ஆசாரிக்கு ஏப்ரன் கிடையாது, அழுக்கு லுங்கிதான். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை, உள்ளே ஒரு மோட்டார், தோல் பெல்ட். கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கட்டை, வீலர் ரோடு பங்களாக்களின் மாடிப்படிக்கு வரிசை வரிசையாகக் கைப்பிடிக் கம்புகள். சுற்றுகிற கட்டையில் உளியைச் சாய்த்து வைத்தால் சீவல் சுருள் சுருளாக அவர் முழங்கை மேல் வந்து விழும். பூரிக்கட்டையின் பிடிக்கு மட்டும் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகிப் பூசிக்கொள்ளும். தாழை ஓலையால் ஒரு தேய்ப்பு, பளபளவென்று ஆகிவிடும். கூலி கேட்டால் என் அம்மா உட்பட எல்லோரும் பேரம்தான்.

பிறகு, மகன் வேலை பார்க்கும் பாரிஸில் ஒரு மியூசியத்துக்குப் போனேன். 1794-ல் தொடங்கிய கலை, கைத்தொழில் நிறுவனத்தின் மியூசியம். அங்கே கண்ணாடிக்குள் ஒரு கடைசல் யந்திரம். ரஷ்ய ஜார் பீட்டருக்கு நார்தோவ் என்ற கைவினைஞர் செய்தது. ஜார் பிரான்சுக்குப் பரிசாக அனுப்பியது. நம்முடையதில் கட்டை சுற்ற மட்டுமே செய்யும். பூவேலைக் கடைசலில் இதழ் இதழாக விளிம்பு வெட்டிய தட்டு ஒன்று கூடவே சுற்றி, கட்டையை இப்படியும் அப்படியும் அசைக்கும். உளி நின்ற இடத்தில் நிற்க, யானைத் தந்தத்தில் கோலம் தானே விழும். இதெல்லாம் ராஜாக்களின் பொழுதுபோக்கு. பதினாறாம் லூயிக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. (1793-ல் அவர் தலையை வாங்கியதும் மரச் சட்டம் போட்ட ஒரு யந்திரம்தான்.) லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பம் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட கடைசல் யந்திரங்களைச் செய்து விற்றது, வாங்கியவர்களில் பலர் காசு மிகுந்த கனவான்கள்.

நம் ஊர் மட்டும் இளைத்ததா? 1953-ல் பிறந்த எச்.எம்.டி., ஜாலஹள்ளியில் லேத் செய்துதான் பேர் வாங்கியது. அதன் பழைய கதையும் இப்போது மியூசியத்துக்குள் போய்விட்டது. சென்னபட்டணத்தில் ஆலே மரப் பொம்மைகளை இன்னும் அரக்குப் பூசிக் கடைகிறார்கள். மைசூர் போகிறவர்கள் காரை நிறுத்தி, பத்து நிமிஷம் வீடியோ எடுத்துவிட்டு, பம்பரத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள்.

வீலர் ரோடு பங்களாக்கள் அப்பார்ட்மெண்ட் ஆனபோது ஆசாரியின் கம்புகள் பழம்பொருள் கடைக்குப் போயின. ஒன்றை விளக்குத் தண்டாக்கி விலைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தத் தொகைக்கு ஆசாரி ஒரு மாடிப்படி முழுவதையும் முடித்திருப்பார். அவருடைய லேத் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போனது.

ஆசாரியிடம் கையாளாக இருந்தவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். பாரிஸ் படத்தைப் போனில் காட்டினேன். சிக்னலில் வண்டியை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ராஜாவே கடைஞ்சாரா சார்?"

"ஆமாம்."

"கட்டில் கால் கடைஞ்சிருக்காரா? நாலும் ஒரே மாதிரி வந்துச்சாமா?"