முதுகெலும்புக்கு ஒரு விலைச்சீட்டு

மெத்தைக் கடையில் ‘ஆர்த்தோ’ என்ற சொல்லுக்கே தனி விலை. பலகை மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்று விற்பனையாளர் அடித்துச் சொல்வார். 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வோ, நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரைப் படுக்கவைத்துப் பார்த்து, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில்தான் வலி அதிகம் குறைந்தது என்றது. அதாவது, வலியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விலை கூடினால் தரமும் கூடாதா என்பீர்கள். கூடும், ஃபோமின் அடர்த்தி கூடினால். கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அந்த எண்தான் மெத்தை சீக்கிரம் குழி விழுமா என்பதற்குத் துப்பு. அதைக் கேட்டால், மெமரி ஃபோம் துண்டில் நம் கையை அழுத்தவைத்துப் பேச்சை மாற்றுவார்கள். ஜிப்பைத் திறந்தால், பல மெத்தைகளில் அந்த மெமரி மேலே ஒரு அங்குலம்தான், மீதியெல்லாம் ஞாபகமறதி.

வாரண்டி இருக்கிறதே என்றால், இருக்கிறது, அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காதவரை. கறை பட்டால் பெரும்பாலும் செல்லாது. குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டினால்தான் பள்ளம் என்று ஒப்புக்கொள்வார்கள், அதுவரை அது உங்கள் உடம்பின் குற்றம். ஆகவே, செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சப்படாமல் பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். விற்பனையாளர் நிற்கட்டும்.