நெடும்படப் படலம்

வெப்சைட் பக்கத்தைத் தலை முதல் கால் வரை ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் அடக்கும் கலைக்குத் தமிழில் முறையான இலக்கணம் இல்லாத குறை நீங்க, யாமே ஒரு நூற்பா யாத்து, யாமே உரையும் வரைந்தோம். நூலாசிரியனும் உரையாசிரியனும் ஒருவனே ஆனபடியால் பாடபேதத் தகராறு எழாது.

கண்டது கொளலும் காணாதது கொளலும்
எனவிரு வகைத்தே திரைபிடி மரபே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், திரைபிடித்தலின் வகை உணர்த்துதல் நுதலிற்று. கண்டது கொளலாவது, கண்ணெதிரே உள்ளதை மட்டும் பிடித்தல். பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானைத் தட்டத் தெரிந்த எவரும் செய்வர், உரை வேண்டா. காணாதது கொளலாவது, ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் பகுதியையும் சேர்த்துப் பிடித்தல். அது தைத்தலும் விரித்தலும் என இரண்டாம்.

தைத்தலாவது, எக்ஸ்டென்ஷன் ஒரு திரை அளவு இறங்கிப் பிடித்து, மேலும் இறங்கிப் பிடித்து, துண்டுகளை ஒட்டுதல். விரித்தலாவது, பிரவுசர் தனக்கு மிக உயரமான திரை வாய்த்ததாகப் பாவித்துப் பக்கம் முழுவதையும் ஒரே வீச்சில் வரைதல். ஃபயர்பாக்ஸ் குடியினர் ரைட் கிளிக் செய்து, 'டேக் ஸ்கிரீன்ஷாட்', 'சேவ் ஃபுல் பேஜ்' என்று சுருக்கமாக முடித்துக்கொள்வர். குரோம் குடியினர்க்கு 2017இல் வந்த 59ஆம் பதிப்பிலேயே இது கிடைத்தது. ஆனால் எஃப்12 அழுத்தி, டெவலப்பர் டூல்ஸ் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'ஸ்கிரீன்ஷாட்' என்று தட்டியவர்க்கே அருளப்பட்டது. பக்குவம் வந்த சீடனுக்கே உபதேசம் என்னும் மரபைக் கணினியுலகமும் போற்றுவது மகிழ்ச்சிக்குரியது. ஐபோனின் சஃபாரியோ 2019 முதல் முழுப்பக்கத்தைப் பிடிஎஃப்பாகத் தந்தது. அது படமா ஆவணமா என்னும் வழக்கை ஈண்டு விரிப்பின் பெருகும்.

இனிக் குற்றம். 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னார். அவை நெடும்படத்துக்குப் பொருந்துமோ எனின், நூலைவிட இதற்கே அதிகம் பொருந்தும்.

தைத்த படத்தில் தலைசிறந்து விளங்குவது கூறியது கூறல். பக்கத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு இறங்கினாலும் நகராத மெனுப்பட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிடிப்பிலும் அதுவும் வந்து உட்காரும். வாக்கியம் 'விண்ணப்பதாரர் தம்முடைய' என்பதோடு அறும். நடுவே முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்று பட்டை ஓடும். அதன்கீழ் 'கையொப்பமிட்டு அனுப்பவும்' என்று வாக்கியம் உயிர்த்தெழும். இடைப்பட்ட வரி பட்டைக்கு அடியில் மாண்டது. வலது ஓரத்தில் 'உதவி வேண்டுமா?' என்னும் குமிழி, திரைக்கு ஒன்றாக வரிசையில் நின்று அதையே கேட்கும். கெட்டிக்கார எக்ஸ்டென்ஷன்கள் இரண்டாம் பிடிப்பு முதல் இவற்றை மறைத்துவிடும். எல்லாமே கெட்டிக்கார எக்ஸ்டென்ஷன்கள் அல்ல.

விரித்தலில் வருவது குன்றக் கூறல். பார்ப்பவர் அருகில் வந்தால்தான் படத்தை இறக்குவோம் என்று இன்றைய பக்கங்கள் சிக்கனம் பிடிக்கின்றன. எவரும் அருகில் போகாததால் அவ்விடத்தில் வெற்றுக் கட்டமே விழும். பரிகாரம், முதலில் மெதுவாக அடிவரை இறங்கி, உச்சிக்கு மீண்டு, பின் எடுத்தல். இறங்க இறங்கப் புதுச்செய்தி முளைக்கும் பக்கமாயின், அடி தேடிப்போன திருமாலே வெறுங்கையோடு திரும்பினார் என்று தெளிக. அது மற்றொன்று விரித்தல்.

குற்றங்களுள் கொடியது மாறுகொளக் கூறல். தைப்பதற்கு நேரம் பிடிக்கும். கிரிக்கெட் ஸ்கோர் பக்கம் ஒன்றைக் கொள்க. உச்சியைப் பிடிக்கையில் நான்கு விக்கெட். ஸ்கோர் கார்டுக்கு இறங்குவதற்குள் ஒருவர் எல்பிடபிள்யூ. படத்தின் தலையில் ஆடிக்கொண்டிருப்பவர் இடுப்பில் அவுட். இப்படியொரு பக்கம் எக்கணத்தும் எவர் திரையிலும் இருந்ததில்லை. 'பாருங்க, ஸ்கிரீன்ஷாட்டே இருக்கு' என்று சண்டையில் நீட்டுவது இதைத்தான். விரித்தலில் இக்குற்றம் இல்லையோ எனின், கணம் ஒன்றுதான். ஆனால் அத்தனை உயரத் திரை யார் வீட்டிலும் இல்லை. ஆகவே அதுவும் எவரும் காணாததே. நூற்பாவில் இவ்வளவு பொருள் புதைந்திருப்பதை உரை எழுதும்போதுதான் யாமே அறிந்தோம்.

சென்று தேய்ந்து இறுதலுக்குக் கணக்கே உண்டு. ஜேபெக் கோப்பு தன் உயரத்தை எழுதிக்கொள்ள 16 பிட் இடமே வைத்திருக்கிறது. 65,535 பிக்சலுக்கு மேல் அது வளராது. வெப்பி 16,383இல் நின்றுவிடும். குரோமில் 16,384ஐத் தாண்டிய படங்கள் மறுபடி உச்சியிலிருந்தே தொடங்கியதும் உண்டு. அதை இக்குற்றத்தில் அடக்குவதா, கூறியது கூறலில் அடக்குவதா என்பதில் எமக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஏனைய குற்றங்களை உய்த்துணர்க.

இறுதியாக, நின்று பயனின்மை. 1,280 பிக்சல் அகலம், 16,000 உயரம் என ஒரு படம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி ரிப்பன் ஆகும். விரல்களால் விரித்தால் எழுத்து கூழாகும். டாக்குமென்டாக அனுப்பினால் பிழைக்கும், ஆனால் மேலதிகாரி "பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைங்க" என்பார். ஏ4 தாளில் ஒரே பக்கத்துக்குள் அடக்கினால் படத்தின் அகலம் சுமார் 24 மில்லிமீட்டர். 16 பிக்சல் எழுத்தின் உயரம் 0.3 மில்லிமீட்டர். படிக்க இயலாது எனினும் அலுவலக நோக்கில் இதில் ஒரு வசதி உண்டு: இருபுறமும் வெள்ளைத் தாளே மிஞ்சுவதால், 'உண்மை நகல்' முத்திரையை எழுத்து மறையாமல் குத்தலாம்.