மாமா ஏறட்டும், பிறகு பூட்டலாம்

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். அப்படி நான் கதிரவெளிக்குப் போனபோது வீடு கிடைத்தது, வளவு கிடைத்தது, வளவில் வேப்பமரத்தடியில் நின்ற 1954ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் காரும் கிடைத்தது. உறுதியில் காரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாமா வாயால்தான் தந்தார். தந்த கையோடு பின்சீற்றின் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அன்றிலிருந்து கார் என்னுடையது, அந்த மூலை அவருடையது.

மாமா ஓய்வுபெற்ற தபாலதிபர். பார்சல் நிறுக்கும் தராசுக்கு அடங்காத உடம்பு. முன்சீற்றில் இருக்கமாட்டார், அது கிளீனர் இருக்கிற இடமாம். ஆக, பல வருடமாக ஒரே மூலையில் ஒரே பாரம். காரின் இடது பின்பக்கம் இறங்கி இறங்கி, மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையாத நிலைக்கு வந்திருந்தது.

நாங்களும் அந்தச் சாய்வுக்கேற்ற மாதிரி வாழப் பழகிவிட்டோம். இடது கதவைச் சற்றுத் தூக்கித் திறக்க வேண்டும். மீன் பையை எங்கே வைத்தாலும் அது மாமாவின் காலடிக்குப் போய்விடும் என்பதால் முதலே அங்கே வைப்போம். வலது பக்கம் இருப்பவர் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டுவதற்குள் மாமாவோடு ஒட்டிவிடுவார். அதனால் மாமாவோடு கோபித்துக்கொண்டவர்கள் எங்கள் காரில் ஏறுவதில்லை. இரவில் ஓடினால் முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்க்கும். பின்பக்கம் இறங்கினால் மூக்கு உயரத்தானே செய்யும். வழியில் எந்தத் தென்னையில் குரும்பை பிடித்திருக்கிறது, எந்த மரத்தில் வௌவால் தொங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். ரோட்டில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. எதிரே வரும் லொறிக்காரர் எல்லாரும் எங்கள் குடும்பத்தாரைப் பெயர் தெரியாமலே வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

இந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியே வந்தது. வருவதற்குக் கொஞ்சம் முன்னர், வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று மாதிரி வண்டியை நெடுக இரண்டாக வெட்டி, நாலு இஞ்சி அகட்டி வைத்துப் பார்த்தார் மனுசன். பொனற்றின் நடுவில் ஓடும் பட்டை அந்த நாலு இஞ்சிதான். கம்பனியின் பெரியவர் நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. கோது நீக்கி வெந்நீரில் அவித்த முட்டை என்றாராம். அந்த முட்டை 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. எங்களிடம் இருப்பது 803 சிசி. புதிதில் 30 குதிரைவலு இருந்தது. உப்புக்காற்றில் சில குதிரைகள் செத்திருக்க வேண்டும்.

முன்சில்லுகளுக்கு முறுக்குக் கம்பி என்று அந்தக் காலத்துக்குப் புதுமையாக யோசித்த அந்த மூளை, பின்சில்லுக்கு வந்ததும் வில்லுவண்டிக்காரனின் வில்லுத்தகட்டையே வைத்துவிட்டது. ஒரு நீளத் தகடு, அதற்குக் கீழே கொஞ்சம் கட்டையானது, அதற்கும் கீழே இன்னும் கட்டையானது என்று அடுக்கி நடுவில் ஒரு போல்ட். அடுக்கை அச்சோடு பிணைக்க யூ போல்ட். மேல் தகட்டின் இரண்டு நுனியும் கண்ணாகச் சுருண்டிருக்கும். முன்கண் சட்டத்தில் அசையாமல் பூட்டியிருக்கும். பின்கண் ஷக்கிளில் தொங்கி ஆடும். பாரம் ஏறினால் தகடு நிமிரும், நிமிர்ந்தால் நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பதுதான் ஷக்கிளின் வேலை. தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதிலேயே பாதி ஆட்டம் அடங்கும். நடுவில் துரு பிடித்தால் முழு ஆட்டமும் அடங்கிவிடும்; பிறகு ரோட்டில் உள்ளது அப்படியே முதுகில்.

எங்கள் காரின் இலக்கத்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள். சிங்கள 'ஸ்ரீ' இலக்கத்தகட்டில் ஏறுவதற்கு முந்திய வண்டி. 1958இல் தமிழர் அந்த எழுத்தை மாற்றித் தமிழ் ஸ்ரீ போட, தெற்கில் தமிழெழுத்துகளுக்குத் தார் பூச, நாடே ஓரெழுத்துக்காகத் தூரிகையோடு அலைந்தபோது, இந்தக் கார் இரண்டு பக்கத்துக்கும் அகப்படாமல் நின்றதாக மாமா பெருமைப்படுவார். 2004இல் கடல் வந்தபோதும் 2006 நவம்பரில் ஊர்மேல் செல் விழுந்தபோதும் கார் வாழைச்சேனையில் சொந்தக்காரர் வளவில் படங்குக்குக் கீழே கிடந்ததால் தப்பியது. அவை சிரித்துக்கொண்டு எழுதுகிற விஷயங்கள் அல்ல. நான் ஸ்பிரிங்குக்கே வந்துவிடுகிறேன்.

2022 தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. அந்த மாதங்களில் எங்கள் மொரிசுக்குக் கிடைத்த மரியாதை மாமாவுக்கே ஒரு நாளும் கிடைத்ததில்லை. வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வந்து சுகம் விசாரித்தது. காரை. பெற்றோல் செற்றுக்குப் போய் வரிசையில் நிற்பதற்கு மாமா தானாகவே முன்வந்தார். பின்சீற்றில் உட்கார்ந்தபடி, மணிக்கணக்காக, இடது பக்கத்தில். தகட்டுக்கு மிச்சமிருந்த உயிரும் அந்த வரிசைகளில்தான் போயிருக்கும்.

போன வருடம் வாழைச்சேனைச் சந்தையிலிருந்து வரும்போது, மாங்கேணிக்குக் கிட்ட 'டங்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன், மாமாவின் தலையைக் காணவில்லை. சாய்ந்த இடத்தில் இருந்தபடியே, "டயர்" என்றார். டயர் நன்றாகத்தான் இருந்தது. மேல் தகடு முன்கண்ணுக்குப் பக்கத்தில் துண்டாக முறிந்திருந்தது. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தென்னங்கட்டை ஒன்றைச் செருகி, தோணிக்கயிற்றால் வரிந்து கட்டி, நடையும் ஓட்டமுமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

பழுதுபட்ட கார் பொதுச்சொத்து. மறுநாள் காலையிலேயே வேப்பமரத்தடியில் ஆலோசனைச் சபை கூடிவிட்டது. ட்ராக்டர் ஓட்டினவர் ட்ராக்டர் தகடு ஒன்றை நடுவில் செருகினால் பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கும் என்றார். கட்டாரில் வேலை செய்து வந்தவர், அங்கே இப்போது யாரும் தகடு போடுவதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் பழைய தகட்டையே நெருப்பில் காய்ச்சி வளைத்தால் போதும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது, பட்டறைகளில் செய்கிறார்கள். ஆனால் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பிறகு, மறுபடி அளவான சூட்டில் பதம் பார்க்க வேண்டும். பதம் தவறினால் ஒன்றில் கண்ணாடியாய் நொறுங்கும், இல்லாவிட்டால் வளைந்த பக்கமே கிடக்கும். மேலும், முறிந்ததை என்ன காய்ச்சினாலும் முறிந்ததுதானே.

கொழும்பிலிருக்கும் மச்சானைப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினேன். இலங்கையில் ஓடின எந்த வண்டிக்கும் அங்கே ஏதாவது ஒரு கடையின் பின்கட்டில் ஏதாவது ஒரு துண்டு கிடக்கும். கடைக்காரர் ஒருவர் தூசு தட்டிச் சோடியாக எடுத்துக் கொடுத்தார். "மொரிஸ் மைனர்தானே? இதுதான். இங்கிலாந்து ஒறிஜினல்." விலையும் இங்கிலாந்து விலை. இதில் ஒரு பகிடி இருக்கிறது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சார்ள்ஸ் வெயர், அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே எடுத்தார். வெள்ளைக்காரன் எங்கள் கைவேலையைத் தேடி இங்கே வர, நாங்கள் பஞ்சிகாவத்தையில் இங்கிலாந்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டமாவடியிலிருந்து மெக்கானிக் காக்கா வந்தார், ஒரு பொடியனோடு. பொடியனின் பெட்டி நிறைய மில்லிமீற்றர் ஸ்பனர். இந்தக் காரோ இஞ்சியில் பிறந்தது. அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர், பொடியன் 13ஐப் போட்டுத் திருக, ஸ்பனர் வழுகி நட்டின் மூலையை மழித்துவிட்டது. மாமா எழும்பி உள்ளே போனார். ட்ரங்குப் பெட்டியிலிருந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய இஞ்சி ஸ்பனர் செற் வந்தது. கூடவே ஒரு சீ.ஆர். கொப்பியும் வந்தது. ஸ்பனரை ஒவ்வொன்றாகத்தான் கொடுப்பார். எடுத்த நேரம், அளவு, பொடியனின் கையெழுத்து. திருப்பிக் கொடுத்தால் அடுத்தது. தபால் கந்தோர் மூடிப் பல வருடமானாலும் பதிவுத்தபால் நிற்கவில்லை.

யூ போல்ட் நட்டுகள் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறிய பிறகு முனகிக்கொண்டு வந்தன. முன்கண்ணின் பின் மட்டும் அசையவில்லை. எழுபது வருடத்து உப்பும் மணலும் புஷ்ஷோடு சேர்ந்து ஒரே இரும்பாகியிருந்தது. சம்மட்டியால் ஒரு அடி போட்டால் துரு பொருக்குப் பொருக்காகக் காக்காவின் முகத்தில் கொட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டே அடுத்த அடி போடுவார். ட்ராக்டர்காரர் காஸ் டோர்ச் கொண்டுவரச் சொன்னார். காக்கா கீழே கிடந்தபடியே கேட்டார்: "பெற்றோல் டாங்கி எங்க இரிக்கி தெரியுமா?" மைனரின் டாங்கி டிக்கிக்கு அடியில், அந்த வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு முழம் பின்னால். சபை கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. கடைசியில் இரும்பு வாளால் அறுத்தார்கள். பொடியன் அறுக்க, காக்கா அறுக்க, நானும் அறுக்க, மாமா வாள் பிளேட் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுத, பொழுது போய்விட்டது.

ஏற்றுவது இலகு. நடுப் போல்ட்டின் தலையை அச்சின் பட்டையிலுள்ள ஓட்டையில் உட்காரவைத்து, புது றப்பர் புஷ் போட்டு, ஷக்கிளை மாட்டினார்கள். எல்லா நட்டும் கைக்கட்டாக மட்டும். இறுக்க வேண்டியதுதானே என்றேன். காக்கா தலையாட்டினார். "தூக்கி வச்சுக்கொண்டு பூட்டினா றப்பர் முறுகிப் பூட்டுப்படும். ஜெக்க இறக்கி, பாரம் வந்த மறுகாதான் பூட்டோணும். ஐயா எங்க வழமையா இரிக்கிற?"

மாமா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஜெக்கை இறக்கியதும் தன் மூலையில் ஏறினார். என் மனைவி வலது பக்கம், பிள்ளைகள் நடுவில், நான் ஸ்டியறிங்கில். மாமா ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, எடு" என்றார். எங்கேயும் போகாத கார். கீழே நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நட்டும் இறுகும்போது காக்கா "ஐயா, அசையாதீங்க" என்றார். வெருகல் கோயிலுக்கு நடந்துபோன கூட்டம் ஒன்று வேலிக்கு வெளியே நின்று, புறப்படுவதைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று காத்திருந்தது. கார் புறப்படவில்லை என்றதும் அதிலொரு கிழவி, தள்ளிவிடட்டுமா என்று கேட்டாள்.

எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். ஒரு பேச்சும் இல்லை. சாய்வு போய்விட்டது, அது உண்மை. ஆனால் பின்பக்கம் வானத்தில் நின்றது. மாடு எழும்பும்போது முதலில் பின்பக்கத்தைத்தான் தூக்கும். அந்த இடத்திலேயே மனம் மாறி நின்றுவிட்ட மாடு மாதிரி நின்றது எங்கள் கார். காக்கா தகட்டை இன்னொருமுறை எண்ணினார். மைனரில் ட்ரவலர் என்று, சாமான் ஏற்றுவதற்குப் பின்பக்கம் மரச்சட்டம் வைத்த ஒரு வகை உண்டு. அதற்குக் கனத்த தகடு. பஞ்சிகாவத்தையில் கொடுத்தது அதை. மொரிஸ் மைனர்தான், ஒறிஜினல்தான், கடைக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சாய்வோடு வாழப் பழகியவர்களுக்கு நிமிர்வு பெரிய வில்லங்கம். மாமா பின்சீற்றிலிருந்து முன்னுக்கு வழுகினார். மீன் பை டிரைவருக்கு வந்தது. வழமைப்படி இடது கதவைத் தூக்கித் திறந்தபோது பிணைச்சல் கையோடு வந்தது. முன்விளக்கு இப்போது பம்பருக்கு முன்னால் நாலு முழ ரோட்டை மட்டும் பகலாக்கியது. சின்ன வயதிலிருந்தே அந்த ரோட்டில் வருகிற என் மனைவி அன்றுதான் அதிலுள்ள குழிகளைக் கண்டாள். "இவ்வளவு காலமும் இதிலயா ஓடினீங்க?" என்றாள்.

"புதுத் தகடு. பாரம் ஏத்தி ஓடுங்க, உட்காரும்" என்று சொல்லிக் காக்கா போய்விட்டார். அதைச் சபை முழுவதும் கேட்டுவிட்டது. அடுத்த நாளிலிருந்து கதிரவெளியில் ஒருவரும் லொறி பிடிக்கவில்லை. காரின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு நெல்மூடை வந்தது, சீமெந்து வந்தது, கரைவலைக்காரரின் ஐஸ் பெட்டி வந்தது. பால்சேனையில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு இரண்டு கிடாரமும் சமையல்காரரும் போனார்கள். ட்ராக்டர் வைத்திருப்பவர்கூடத் தன் உரமூடையை எங்கள் காரில்தான் அனுப்பினார். வேறென்ன, ஸ்பிரிங் உட்கார வேண்டுமே. மாமா காலையில் தையல் நாடாவோடு வந்து மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து கொப்பியில் பதிவார். இறங்குவது நூல் கணக்கில். வாடகை கேட்டால், "பாரம் ஏத்தச் சொன்னது மெக்கானிக்தானே" என்றார்கள்.

பழைய தகடுகளுக்கும் அடிபாடு. ஸ்பிரிங் இரும்பில் அடித்த கத்திக்குக் கூர் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆலோசனை சொன்ன ஒவ்வொருவரும் ஆளுக்கொரு தகடு தமக்குரியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒன்றையும் கொடுக்கவில்லை. 1954இல் ஒக்ஸ்போர்ட் கவுலியில் செய்தது, அதைக் காட்டுக்கத்தியாக்கிப் பற்றை வெட்ட விடமாட்டாராம். முறிந்த மேல் தகட்டை மட்டும், மகள் கேட்டதற்காக, கொல்லப் பட்டறைக்குத் தானே எடுத்துப் போனார். நெருப்பிலிருந்து இறங்கும்வரை பக்கத்தில் நின்று, கத்தியாகத் திரும்பக் கொண்டுவந்தார்.

நல்ல கத்தி. பாரை மீனின் செதிள் பக்கத்தை ஒரே இழுவையில் எடுக்கிறது. மனைவி குசினி வாசலில் குந்தி மீன் வெட்டும்போதெல்லாம் மாமா வெளித்திண்ணையில் இருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். கத்தி எங்காவது பலமாக விழுந்தால் போதும்.

"பிள்ள, எலும்பில போடாத. அது ஒறிஜினல்."