உறுமல், முனகல், மௌனம்: டிஸ்போசலியலுக்கு ஒரு முன்னுரை

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

அமெரிக்கத் தமிழரை ஆராய்ந்தோர் அவர்தம் கோயில்களை ஆராய்ந்தனர். தமிழ்ப் பள்ளிகளை, பொங்கல் விழாக்களை, விசா வகைகளை ஆராய்ந்தனர். சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார் ஒருவரும் இலர். அங்கே, சோப்புப் பாட்டிலுக்கும் கடைப்பைகள் திணித்த பெரிய கடைப்பைக்கும் நடுவே, ஓர் உருளை தொங்குகிறது. சுவரில் அதற்கொரு சுவிட்ச். தட்டினால் மீந்த சோறும் காய்த்தோலும் கண்ணுக்கு மறையும். இதுவே டிஸ்போசல்.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருதுகோள் ஒன்றே: டிஸ்போசல் தானாகக் கெடுவது குறைவு; அதைப் பற்றி வீட்டார் கொண்ட நம்பிக்கைகளே அதைக் கெடுக்கின்றன.

2. தோற்ற வரலாறு

1927இல் விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்பவர் இக்கருவியை உருவாக்கினார். 1933இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1935இல் பெற்றார். அவர் கட்டடக் கலைஞர் என்பது கவனிக்கத்தக்கது. பிளம்பர் ஒருவர் கண்டுபிடித்திருந்தால், ஸ்பேனரைத் திருப்பக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பகுதிகளில் நியூயார்க் நகரம் இதை நெடுங்காலம் தடை செய்து வைத்திருந்தது. 1997இல்தான் தடை நீங்கியது. ஆக, சிங்க்கில் போட்டது எங்கே போகிறது என்று ஒரு மாநகரமே கவலைப்பட்டிருக்கிறது. வீடுகளில் அக்கவலை குழாயின் முதல் வளைவைத் தாண்டுவதில்லை.

3. உடற்கூறு

உள்ளே பிளேடு சுற்றுகிறது என்பது மிக்ஸி மரபினர் கொள்கை. அது பிழை. உள்ளே இருப்பது ஒரு சுழல்தட்டு. அதன்மேல் ஆடும் இரண்டு உலோக முளைகள். தட்டு சுழல, எச்சங்கள் மையவிலக்கு விசையால் பக்கச் சுவரை நோக்கி வீசப்படும். அங்கே பல்வைத்த வளையம் ஒன்று அசையாது நின்று அவற்றைத் துருவும். கைப்பிடி சுற்றும் தேங்காய்த் துருவியில் அலகு சுழலும், மூடி நிற்கும். இங்கே துருவி நிற்கும், மூடி சுற்றும். அவ்வளவே வேறுபாடு.

இதிலிருந்து ஒரு கிளைத் தேற்றம் பிறக்கிறது. ஐஸ்கட்டி போட்டு ஓட்டினால் பிளேடு கூர்மையாகும் என்பார் பலர். ஐஸ்கட்டி உள்ளே ஒட்டிய பிசுக்கைச் சுரண்டும், அது உண்மை. இல்லாத பிளேடைக் கூர்தீட்டும் ஆற்றல் அதற்கு உண்டா என்பது மெய்யியல் துறைக்கு உரிய வினா.

மோட்டார் பெரும்பாலும் மூன்றில் ஒரு குதிரைத்திறன் முதல் ஒரு குதிரைத்திறன் வரை கிடைக்கும். பக்கத்து வீட்டில் முக்கால் குதிரை என்றால் நம் வீட்டில் முழுக் குதிரை வாங்க வேண்டும் என்பது பொறியியல் விதியன்று. ஆயினும் அதற்கு விலக்கு அரிது.

4. ஒலியியல்

டிஸ்போசலின் ஓசை மூவகைப்படும்: உறுமல், முனகல், மௌனம்.

*உறுமல்* உடல்நலக் குறி. ஆராய ஒன்றுமில்லை.

*மௌனம்* மரணம் அன்று. சுமை மிகுந்து சூடேறியதும் மோட்டார் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உருளையின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று பிதுங்கி நிற்கும். சுவிட்சை அணைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, அதை அமுக்க வேண்டும். எழாவிட்டால் பிரேக்கர் பெட்டியைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் புது எந்திரம் வாங்கப் புறப்படுவோரை இவ்வியல் ‘அவசர ஈமக்காரர்’ என வகுக்கும்.

*முனகல்* நடுநிலை. கரண்ட் வருகிறது, தட்டு சுழலவில்லை, ஏதோ சிக்கியிருக்கிறது. உடனே அணைக்க வேண்டும். விட்டால் மோட்டார் கருகும். இக்கட்டத்தில் எல்லா வீடுகளிலும் பின்வரும் உரையாடல் நிகழ்வதாகக் கொள்ளலாம்:

“என்னங்க, சிங்க்கு ஒரு மாதிரி சத்தம் போடுது.”

“என்ன போட்ட உள்ள?”

“நான் ஒண்ணுமே போடலையே!”

இதனைப் ‘போடாமை வாதம்’ என்க. இவ்வாதத்தைத் தர்க்கத்தால் வெல்ல இயலாது. கால் இன்ச் அல்லன் கீயால் வெல்லலாம். பிரேக்கரை அணைத்த பின், உருளையின் அடி நடுவே பெரும்பாலான மாதிரிகளில் உள்ள அறுகோணக் குழியில் அதை நுழைத்து, இருபுறமும் மாற்றி மாற்றித் திருக வேண்டும். குழி இல்லாத மாதிரிக்கு மேலிருந்து விளக்குமாற்றுக் கட்டை. தட்டு இளகியதும் டார்ச் அடித்து, இடுக்கியால் பொருளை எடுக்க வேண்டும். கையை விடுதல் எக்காலத்தும் கூடாது. வெளியே வருவது பெரும்பாலும் ஒரு பாயச ஸ்பூன்: கழுத்து வளைந்து, விளிம்பெல்லாம் பல்தடம் பதிந்து, ஒரு முந்திரித் துண்டோடு. போடாமை வாதி அப்போதும் வாதத்தைக் கைவிடார். ‘விழுந்திருக்கும்’ எனத் திருத்திக்கொள்வார்.

5. ஒழுகலியல்

ஒழுகும் இடத்தை அறிய, வடிகாலை அடைத்து, சிங்க்கை நிரப்பி, அடியில் காகிதத்துண்டு பிடித்துப் பார்த்து, பின் திறந்துவிட்டும் பார்க்க வேண்டும். மேலே, சிங்க்கோடு சேரும் வளையத்தில் ஈரமெனில் அங்கே அப்பிய பிளம்பர் பட்டி காய்ந்துவிட்டது. கழற்றிப் புதிதாக வைக்கலாம். பக்கத்தில் ஈரமெனில் டிஷ்வாஷர் ஹோஸின் கிளாம்ப்போ வெளியேற்றுக் குழாயின் வாஷரோ தளர்ந்திருக்கும். அடியிலிருந்தே சொட்டினால் உள்சீல் போயிற்று. இதனைச் சுருக்கி, மேலே ஒழுகினால் பட்டி, பக்கத்தில் ஒழுகினால் திருகு, அடியில் ஒழுகினால் கடை என நூற்பாவாகக் கொள்க.

6. மாற்றலும் பொருத்தலும்

முதலில் பிரேக்கர். அடுத்து முதுகு: ஆய்வாளர் தரையில் மல்லாந்து, தலையை அலமாரிக்குள் நுழைக்க, அதன் விளிம்பு சரியாக இடுப்பெலும்புக்கு மேல் பதியும். பழையதைத் திருகி இறக்கும்போது கீழே எதையேனும் முட்டுக் கொடுக்க வேண்டும். சில மாதிரிகள் பத்துக் கிலோவைத் தாண்டும், அத்தனையும் மூக்குக்கு நேர் மேலே இருக்கும். அதே கம்பெனியின் புதியது பெரும்பாலும் பழைய வளையத்திலேயே மாட்டிக்கொள்ளும். வேறு கம்பெனி எனில் வளையம், கேஸ்கெட், மூன்று திருகு எல்லாம் புதிது. மூன்று திருகையும் சமமாக, மாறி மாறி முடுக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. புது எந்திரத்தில் டிஷ்வாஷர் ஹோஸ் சேரும் வாய் அடைத்தே வரும். இணைப்பதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி அவ்வடைப்பை உடைத்து, உள்ளே விழுந்த துண்டையும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் டிஷ்வாஷரில் தண்ணீர் வடியாது நிற்கும். “டிஸ்போசல் மாத்தின நேரம், டிஷ்வாஷரும் போச்சு” என்று ராசியைப் பழிப்போர் இவ்வடைப்பை அறியாதோரே.

7. தடையும் விடையும்

*தடை:* அரைப்பதற்கென்றே செய்த எந்திரத்தில் எதையும் போடலாமே?

*விடை:* ஆகாது. முருங்கைச் சக்கை, வாழைப்பூ நரம்பு, வெங்காயச் சருகு, புளிக் கோது ஆகிய நார்கள் முளைகளில் சுற்றிக்கொள்ளும். சோறு வேறு வகை. அது எந்திரத்தை எளிதாகக் கடந்து, குழாய் வளைவில் பசையாகிக் குந்திக்கொள்ளும். எண்ணெய் அதன்மேல் பூசிக்கொள்ளும். அதனாலேயே குளிர்ந்த நீரைத் தாராளமாக விட்டு ஓட்டுவதும், ஓசை அடங்கிய பின்னும் சற்று நேரம் நீரை விடுவதும் விதியாயின. அரைப்பது எந்திரம், கொண்டுபோவது தண்ணீர்.

தண்ணீர் எதிர்த்து வந்தால் குற்றவாளி வளைவில் உட்கார்ந்திருக்க, தண்டனை மட்டும் எந்திரத்துக்கு. அடைப்பெடுக்க வேண்டிய இடத்தில் ஆளையே மாற்றுகிறார்கள். நம் கருதுகோளுக்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

*மற்றொரு தடை,* பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பாட்டியர் எழுப்புவது: “ஒரு மாடு குடிக்கிற கழுநீர். இதுக்குப் போய் கரண்டா?” இதற்கு விடையளித்த அறிஞர் இன்றளவும் இலர்.

8. முடிவுகளும் மேலாய்வுக் களமும்

ஒன்று, மௌனமும் முனகலும் பெரும்பாலும் பொத்தானாலும் அல்லன் சாவியாலும் தீரும். இரண்டு, அடைப்பு குழாயினது, பழி எந்திரத்தினது. மூன்று, ‘போட்டால் போய்விடும்’ என்ற கொள்கை உள்ள வீட்டில் எந்த டிஸ்போசலும் நிலைக்காது. அக்கொள்கை இல்லாத வீட்டுக்கு அது தேவையுமில்லை.

ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. பல எந்திரங்களின் பெட்டியிலேயே அந்தச் சின்னச் சாவி சேர்ந்து வருகிறது. அன்று “பத்திரமா இருக்கட்டும்” என்று ஒருவர் அதை எடுத்து வைக்கிறார். முனகல் கேட்கும் நாளில் ஸ்பூன் கிடைக்கிறது, சாவி கிடைப்பதில்லை. எடுத்து வைத்தவர் யார் என்று கேட்டால், நான்காம் இயலில் கண்ட வாதமே சிறு மாற்றத்துடன் ‘வைக்காமை வாதம்’ ஆகிறது. முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு உரிய தலைப்பு இது. நெறியாளராக இருக்க, திருமணமாகாத பேராசிரியர் ஒருவர் தேவை.